பால் சுறாவை டிரம்மில் போட்டு உருட்டிய வில்சன்

ஆம்பூரில் வில்சனைப் பற்றித் தெரிந்துகொள்ள யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. அவரே வந்து சொல்லிவிடுவார். எட்டாம் வகுப்பில் கோட்டை விட்டது, பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜியைப் பார்த்துவிட்டுப் பெண்ணைப் பார்க்க மறந்தது, தோல் கம்பெனியில் சேர்ந்த முதல் நாளே நாற்றம் தாங்காமல் ஓடிப்போய்ச் சம்பள நாளன்று திரும்பி வந்தது, எல்லாவற்றையும் கூச்சமில்லாமல் சொல்வார். "நம்மள நாமளே கலாய்ச்சிக்கணும். அப்பதான் அடுத்தவன கலாய்க்கும்போது அவன் வாயத் தொறக்க மாட்டான்" என்பார். சொன்ன கையோடு தெருவில் யார் வீட்டில் என்ன சண்டை என்று ஆரம்பித்துவிடுவார்.

கம்பெனியில் அவருக்கு டிரம் வேலை. இரண்டு ஆள் உயர மர டிரம்முக்குள் தோலையும் அதைப் பதப்படுத்தும் குரோம் தண்ணீரையும் விட்டு உருட்டுவார்கள். உள்ளே வெள்ளையாகப் போகும் தோல் நீலமாக வெளியே வரும். அந்த நீலம் வில்சனுடைய நகக்கண்ணிலும் நிரந்தரமாகக் குடியிருந்தது. கம்பெனித் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று அறிந்தவர் என்பதால் ஏரி மீனை மட்டும் வீட்டுக்குள் விடமாட்டார்.

"அந்த மீனுக்குள்ள பாதி நான்தான் இருக்கேன். என்னை நானே எப்டி துன்றது?" என்பார். கடல் மீன்தான் சுத்தம் என்பது அவர் கட்சி. கடலை அவர் பார்த்தது ஒரே முறை, அதுவும் அலை வந்ததும் செருப்பை விட்டுவிட்டு ஓடிய கதை.

மகள் ஃபீபிக்கு ஆண் குழந்தை பிறந்தது. தாய் வீட்டுக்கு வந்தாள். பேரன் பிறந்ததில் வில்சனுக்குப் பேச ஒரு புது விஷயம் கிடைத்துவிட்டது. தோஸ்த் முனிரத்தினம், கம்பெனி ஆட்கள், தெருவில் போனவர் வந்தவர் எல்லாரையும் கூப்பிட்டு ஹாலில் உட்கார வைத்து, டீ கொடுத்து, பேரனுக்குத் தன் மூக்கு வந்துவிட்ட சோகத்தை விவரித்தார். ஹால் காலியாகவே இல்லை.

ஆனால் குழந்தைக்கு எடை ஏறவில்லை. பால் போதவில்லை என்று ஃபீபி அழுதாள். "அடுத்த வாட்டியும் ஏறலன்னா பவுடர் பால்தான்" என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள்.

ஜோலார்பேட்டையிலிருந்து வந்த சம்பந்தியம்மா இதைக் கேட்டதும் முகவாயில் கை வைத்தார். "எங்க பக்கம் பெத்தவளுக்குப் பால் சுறா குடுக்காம இருக்க மாட்டாங்க. இங்க பிரியாணி ஊரு, ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

வில்சனுக்குச் சுருக்கென்றது. "இன்னா சம்பந்தியம்மா அப்டி சொல்லிட்டீங்க! ஞாயித்துக்கெழம வாங்க. ஒங்க மருமவளுக்கு நான் சுறா புட்டு ஊட்டி உடறத ஒங்க கண்ணால பாப்பீங்க."

மீன்காரி அம்சவேணியிடம் சொல்லிவைத்தார். மெட்ராஸிலிருந்து ஐஸ் பெட்டியில் வர வேண்டும். ஞாயிறு காலை அவள் பெட்டியைத் திறந்து, சாம்பல் நிறத்தில் வழவழவென்று நாலு பால் சுறாக்களைத் தூக்கிக் காட்டினாள்.

"ண்ணா, இத்தத் துன்னா மாடு மாதிரி பால் வரும்."

"எனக்கு இல்லம்மா, என் பொண்ணுக்கு" என்றார் வில்சன், சத்தமாக. பஜாரே சிரித்தது. அதற்காகத்தான் சத்தமாகச் சொன்னார்.

பையை ஆட்டிக்கொண்டு தெருவில் நுழைந்தபோது எதிர் வீட்டுக் கலையரசி டூட்டி முடிந்து வந்துகொண்டிருந்தாள். வேலூரில் நர்ஸ். பையை எட்டிப் பார்த்தாள்.

"சுறாவா? ஃபீபிக்கா? வேணாம்ண்ணா."

"ஏம்மா? கடல் மீனு. குரோம் கெடையாது."

"இதுல பாதரசம் இருக்கும்ண்ணா. சின்ன மீன பெரிய மீனு துன்னும், அத இது துன்னும். எல்லாத்தோட பாதரசமும் இதோட சதையில வந்து சேந்துடும். பால் குடுக்கறவங்க சுறா சாப்புடக் கூடாது. நெத்திலி, மத்தி குடுங்க. சின்ன மீன்ல கம்மி."

வில்சன் நடுத்தெருவில் நின்றார். பையில் சுறா, வீட்டை நோக்கிச் சம்பந்தியம்மா. ஜோலார்பேட்டையில் ரயில் ஏறியிருப்பார்.

எட்டாம் வகுப்பில் ஓடாத மூளை அப்போது ஓடியது. பாதரசம் என்பது இன்னா? மெட்டல். குரோம் இன்னா? அதுவும் மெட்டல். மெட்டலை ஏற்றுவதும் கழுவுவதும் யார் வேலை? இந்த ஊரில் அவரை விட்டால் யார் இருக்கிறார்கள்?

வீட்டின் பின்பக்கம் தண்ணீர் பிடித்து வைக்கும் நீல பிளாஸ்டிக் டிரம் இருந்தது. தண்ணீரைக் கொட்டினார். சுறாவைத் துண்டு போட்டு உள்ளே தள்ளி, உப்பு, வினிகர், மஞ்சள் தூள், ஆப்ப சோடா எல்லாம் போட்டு மூடியை இறுக்கினார். டிரம்மைப் படுக்கவைத்துக் காலால் உருட்ட ஆரம்பித்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, அங்கிருந்து இங்கே.

மனைவி ஜெயபுஷ்பம் ஓடி வந்தாள். "ஐயோ, குடிக்கிற தண்ணி டிரம்முங்க அது! இன்னா பண்றீங்க?"

"வாஷிங் போவுது, பேசாத. தண்ணிய மாத்தி மாத்தி உட்டு ஓட்டணும். மெட்டல் தானா எறங்கிடும்."

தண்ணீரை மாற்றினார், உருட்டினார், மறுபடி மாற்றினார். வேட்டி முழுக்க மீன் வாடை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஃபீபி பின்வாசலில் வந்து நின்றாள். கலையரசி அவளிடமும் சொல்லியிருந்தாள்.

"ப்பா, ஒண்ணு கேக்கறேன். நீ ஏத்துன குரோமு, எத்தினி வாட்டி கழுவுனா தோல உட்டுப் போவும்?"

வில்சன் காலை டிரம்மின் மேல் வைத்தபடி நெஞ்சை நிமிர்த்தினார். "போவுமா? இன்னா பேச்சு பேசற! மேலாக்கா நிக்கறதுதான் தண்ணியில போவும். உள்ள புடிச்சது புடிச்சதுதான். தெனம் தோல்ல ஒரு துண்டு வெட்டிக் கொதிக்கற தண்ணியில போட்டுப் பாப்போம். சுருங்காது, அப்டியே கெடக்கும். ஒங்கப்பன் ஏத்துனா கொதிக்க வெச்சாலும் வெளிய வராதுடி!"

சொல்லி முடித்தபோதுதான் என்ன சொன்னோம் என்பது அவர் காதில் விழுந்தது.

ஃபீபி சிரிக்கவில்லை. "பாதரசமும் உள்ள புடிச்சதுதாம்பா. கலையரசிக்கா சொன்னாங்க, வேக வெச்சாலும் போவாதாம்."

டிரம் தானாகக் கொஞ்ச தூரம் உருண்டு, துவைக்கிற கல்லில் முட்டி நின்றது.

"சம்பந்தியம்மா வராங்களே" என்றார் வில்சன் மெதுவாக.

"அவங்களுக்காகப் பால் குடுக்கறேனா நான், இவனுக்காகக் குடுக்கறேனா?"

"அப்போ பாலு?"

ஃபீபி குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றினாள். பிறகு படபடவென்று வந்தது. "அவன் பசின்னு அழுவறப்பல்லாம் நீ ஹால்ல கச்சேரி வெச்சினுக்கற. ரூமுக்குக் கதவு கூட கெடையாது, ஸ்க்ரீன்தான். முனிரத்தினம் மாமா ஒக்காந்துனு இருக்காரு, ஒன் கம்பெனி ஆளுங்க அத்தினி பேரும் சிரிக்கறாங்க. எப்டிப்பா எடுத்துக் குடுக்கறது? எல்லாரும் போவட்டும்னு ஒக்காந்துக்கறேன். அவன் அழுது அழுது தூங்கிடறான். கொழந்த குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும்னு அக்கா சொன்னாங்க."

வில்சன் டிரம் மூடியைத் திறந்து ஒரு சுறாத் துண்டைக் கையில் எடுத்தார். தன்னைப் பற்றி அவர் சொல்லிக்கொள்கிற கதைகளில் இப்படி ஒன்று இதுவரை இருந்ததில்லை. இதைச் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சம்பந்தியம்மா. கூடவே, சுறா புட்டு என்று கேள்விப்பட்ட முனிரத்தினமும் கம்பெனி ஆட்களும்.

வில்சன் முன்பக்கம் ஓடினார். ஹாலுக்குள் கால் வைக்கப் போனவர்களைக் கையை விரித்து மறித்தார். "உள்ள வராதீங்க. எல்லாரும் எதிர் வூட்டுக்கு! கலையரசி, ரெண்டு சேர் போடும்மா!"

கலையரசி வீட்டுப் போர்ட்டிகோவில் கூட்டம் உட்கார்ந்தது. ஜெயபுஷ்பம் சுறாவை வேக வைத்து உதிர்த்து, பூண்டும் வெங்காயமும் போட்டுத் தாளித்துக் கொண்டுவந்தாள். "நீங்கல்லாம் எப்பவாவது ஒரு வாட்டி துன்னா ஒண்ணும் ஆவாது" என்று கலையரசி உத்தரவு கொடுத்தாள். புட்டில் வினிகர் வாடை தூக்கலாக இருந்தது. சதை ரப்பர் போல் கிடந்தது.

முனிரத்தினம் மென்றுகொண்டே, "இன்னா தோஸ்த், இதுக்கு ஷூ கம்பெனியில ஆர்டர் எடுத்துக்கலாம் போலக்கீதே" என்றார்.

சம்பந்தியம்மா தட்டைத் தொடவில்லை. "மருமவளுக்குக் குடுத்தீங்களா?"

சட்டென்று சொல்ல வில்சனிடம் மூன்று பொய்கள் தயாராக இருந்தன, மூன்றும் நல்ல பொய்கள். "இல்ல சம்பந்தியம்மா. பொண்ணு வேணாம்னுச்சு. நானும் சரின்னுட்டேன்."

"எம் பேரனுக்குப் பால் இல்லாமப் போனா?"

"சுறா இல்லாததால பால் கொறையல. என்னாலதான் கொறஞ்சுது. எந்நேரமும் ஹால்ல ஆளுங்கள சேத்துக்கினு, அந்தப் பொண்ண நிம்மதியா பால் குடுக்க உடல. நீங்க திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க. மெதுவா திட்டுங்க, எங்க வூட்டுக்குள்ள கேக்கும்."

முனிரத்தினம் மெல்வதை நிறுத்தினார். சம்பந்தியம்மா வில்சனை மேலும் கீழும் பார்த்தார். திட்டுவதற்கு எங்கே ஆரம்பிப்பது என்று யோசிப்பது போலிருந்தது. வில்சன் வீட்டுக்குள்ளிருந்து குழந்தை வீறிட்டு அழுதது. பிறகு நின்றது. நெடுநேரம் சத்தமே இல்லை.

ஜெயபுஷ்பம் வாசலுக்கு வந்து, உதட்டில் விரல் வைத்தபடி தெருவைத் தாண்டி வந்தாள். "குடிச்சுட்டான். ரெண்டு பக்கமும். வாயோரம் வழியுது. இப்பதான் அவளும் கண்ண மூடறா."

சம்பந்தியம்மா தட்டை எடுத்து ஒரு வாய் புட்டு போட்டுக்கொண்டார். முகத்தைச் சுளித்தார், விழுங்கினார். வில்சனிடம் குனிந்து, குரலை இறக்கிக் கேட்டார்.

"அப்ப ஹாலு கெடையாதுன்னா, பேரனப் பாக்க தெனிக்கும் வந்து நான் எங்க ஒக்கார்றது?"

"நீங்க வராதீங்க சம்பந்தியம்மா" என்று வில்சனும் கிசுகிசுத்தார். "நான் இந்தக் கச்சேரிக் கூட்டம் மொத்தத்தயும் கூட்டினு ஜோலார்பேட்டைக்கு வந்துடறேன்."