'அக்கரை' விளையாட்டைச் செய்தவர் மீராலெப்பை

நேற்றிலிருந்து பலர் எழுதுகிறார்கள், 'அக்கரை' என்ற ஒலி விளையாட்டை நான் உருவாக்கினேன் என்று. நான் உருவாக்கவில்லை. உருவாக்கியவர் ஏறாவூர் மீராலெப்பை.

அவர் செவ்வாய்க்கிழமை காலை காலமாகிவிட்டார்.

அன்றைக்கே மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா நல்லடக்கமும் முடிந்துவிட்டது. எனக்குத் தெரிய வந்தது மறுநாள்தான்... அந்த விளையாட்டை வெளியிட்ட சங்கத்தின் அஞ்சலிப் பதிவைப் பார்த்து. அதில் அவருடைய படம் சிறிது, என்னுடையது பெரிது. கீழே ஒரு வரி: "பார்வையற்ற அன்பருக்காக அம்மையார் ஆக்கிய விளையாட்டு."

இறந்தவருக்குப் போட்ட பதிவில் எனக்கு வாழ்த்துச் சொல்கிறார்கள். நூற்றுக்கு மேல் லைக் வேறு.

தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். நான் பிரதம இலிகிதராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்த அலுவலகத்தில் மீராலெப்பை டெலிபோன் ஒபரேட்டர். பிறவியிலேயே பார்வை இல்லை. காலடிச் சத்தத்தில் ஆளைச் சொல்வார். நான் பிந்தி வந்த ஒரே நாளில், எல்லோரும் வாய்மூடி இருக்க, அவர் மட்டும், "மிஸ், இண்டைக்கு ஒம்பது தாண்டிட்டு" என்றார்.

ஓய்வு பெற்ற பிறகு, திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் லெப்டொப் ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதில் விளையாட்டுச் செய்யும் மென்பொருள் ஒன்றையும் தேடிப் பிடித்துவிட்டார்.

"புறோக்கிராம் ஒண்டும் எழுதத் தேவல்ல மிஸ். இந்தச் சத்தம் முடிஞ்சா அந்தச் சத்தம். வலது பட்டனை அமத்தினா இது, அமத்தாட்டி அது. எல்லாம் லிஸ்டில இரிக்கி, தெரிவு செஞ்சா சரி."

சொல்ல இலகு. அவர் ஒன்றரை வருடம் தெரிவு செய்துகொண்டிருந்தார்.

வலைக் கம்புகளில் முட்டாமல் தோணியை வாவியின் அக்கரைக்குக் கொண்டுபோக வேண்டும். படம் கிடையாது, காது மட்டும்தான். ஒரு காதில் பள்ளிவாசல் பாங்கு, மறு காதில் கோயில் மணி... கம்பு நெருங்கினால் தண்ணீர்ச் சத்தம் மாறும். அந்தச் சத்தங்களுக்காகத் தோணியில் போய் போனை நீட்டிக்கொண்டு இருந்தவர் அவர்.

எங்கள் வாவியில் மீன் பாடும் என்று ஊரெல்லாம் சொல்வார்கள். அந்தச் சத்தத்தையும் போடச் சொல்லி சங்கத்தார் கேட்டார்கள். "அறுவது வருசமா இந்த ஆத்தங்கரையில காதை மட்டும் வெச்சிப் பிழைக்கிறன். எனக்கு ஒரு மீனும் பாடல்ல" என்று மறுத்துவிட்டார்.

என்னிடம் கேட்டது குரல். "ஒபிஸே பயந்த குரல்தானே மிஸ், சொன்னாக் கேப்பாங்க."

கொன்வென்ட்டில் மேடையேறி வாசித்துப் பரிசு வாங்கியவள் நான். "தயவுசெய்து இடப்பக்கம் திரும்புங்கள்" என்று நிறுத்தி, தெளிவாக வாசித்தேன்.

"நீங்க வாசிச்சி முடியக்குள்ள தோணி கவிண்டிரும் மிஸ். 'இடது' எண்டு மட்டும் சொல்லுங்க."

அந்த ஒரு சொல்லைப் பதினேழு தடவை சொல்ல வைத்தார். என் கணவர் போன பிறகு என்னைத் திரும்பச் சொல்லும்படி கேட்டவர் வேறு யாரும் இல்லை.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

விளையாட்டைப் பரீட்சித்து அறிக்கை தரும்படி சங்கம் என்னைக் கேட்டது. நான் விளையாடினேன். இடது என்றால் வலது காதில் கேட்டது. உடனே கடிதம் எழுதினேன்: இடமும் வலமும் முழுவதும் மாறியிருக்கின்றன, ஆக்கியவர் கவனிக்கவில்லை, என் குறிப்பின்படி திருத்துக. கையெழுத்து, திகதி, பிரதி சங்கச் செயலாளருக்கு.

பாவம், அவர் இரண்டு நாள் ஒவ்வொரு சத்தமாக மறுபடி சரிபார்த்தார். பிழை எதுவும் இல்லை. மூன்றாம் நாள் மகள் றிஸ்னாவோடு ஓட்டோவில் என் வீட்டுக்கே வந்துவிட்டார். என் ஹெட்போனை வாங்கித் தடவினார். இடப்பக்கத்தில் ஒரு சிறு புள்ளி புடைத்திருக்குமாம்.

"இதை எந்தக் காதில போட்டீங்க மிஸ்?"

காட்டினேன்... இல்லை, சொன்னேன். "வலது."

"கண் தெரிஞ்ச ஆக்களுக்கு ஹெட்போன் போடத் தெரியல்ல!" அவர் சிரித்த சிரிப்பில் றிஸ்னாவும் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை.

கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். "விடுங்க மிஸ், எனக்குத் தெரியும்தானே" என்றார். நானும் விட்டுவிட்டேன். முப்பத்தொரு வருடச் சேவையில் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றையும் நான் திரும்பப் பெற்றதில்லை. அந்தப் பெருமை எனக்குப் பெரிதாக இருந்தது.

நேற்று மாலை றிஸ்னா எனக்குப் போன் எடுத்தாள். விளையாட்டை ஆக்கியவர் என்று வாப்பாவின் பெயரைப் பதிவில் ஏன் போடவில்லை என்று சங்கத்தில் கேட்டிருக்கிறாள். என் கடிதத்தைக் காட்டினார்களாம். அம்மையார்தான் எல்லாவற்றையும் திருத்தி முடித்தவர் என்றார்களாம்.

"வாப்பா செய்யல்லயா மிஸ்?" என்று கேட்டாள். அந்த ஒன்றரை வருடமும் அதே வீட்டில் இருந்த பிள்ளை கேட்கிறாள்.

"அவர்தான் மகள், முழுக்க அவர்தான்" என்றேன். "அப்ப அந்தக் கடிதம்?" என்றாள்.

அந்தக் கடிதம் பிழை. ஹெட்போனை மாற்றிப் போட்டவள் நான். விளையாட்டில் ஒரு சத்தத்தைக்கூட நான் தொடவில்லை, எவரும் திருத்தவுமில்லை. அந்தக் கடிதத்தை இன்று, எல்லோரும் பார்க்க, திரும்பப் பெறுகிறேன்.

மீராலெப்பை, உங்களுக்குத் தெரிந்தது போதும் என்றீர்கள். போதவில்லை. போய் வாருங்கள்.

சங்கச் செயலாளருக்கு: விளையாடுகிறவர்கள் திரையைப் பார்க்க மாட்டார்கள். ஆகவே 'அக்கரை' தொடங்கும்போதே, ஆக்கியவர் மீராலெப்பை என்று காதில் கேட்க வேண்டும். என் படத்தைப் பதிவிலிருந்து நீக்க வேண்டும். இவ்விரண்டையும் செய்வீர்களா, மாட்டீர்களா?

போனில் பேச வேண்டாம். றிஸ்னாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என எழுத்தில் பதில் அனுப்புங்கள்.