வண்டியில் குறை ஏதும் இல்லை

சுவருக்கு அந்தப் பக்கம், ஷெட்டில், ஓர் எஞ்சின் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. உம்மென்று எழும்பும், சட்டென்று தளரும், அணைந்தே விட்டது என்று நினைக்கும்போது மறுபடி எழும்பும். அழுகையை அடக்கப் பார்த்துத் தோற்றுப்போகிற மனுஷியின் மூச்சு மாதிரி இருந்தது அந்தச் சத்தம்.

சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்திருந்தவரின் கை பாதியில் நின்றது.

"ரெண்டு வாய்தான் மிச்சம். முடிச்சிட்டுப் போங்க. காதுல கேட்டா வயிறு நிறைஞ்சிடுமா?" என்றாள் மனைவி.

"அந்த வெள்ளை வண்டி" என்றார் அவர். "ஆபீஸ் வண்டி."

அவள் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த வண்டியைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

தெருவில் அவருக்குக் காதுக்காரர் என்று பெயர். பானெட்டைத் திறக்காமலே நோயைச் சொல்லிவிடுவார். பெற்றவர்கள் போய்ச் சேர்ந்தபோது அவருக்குப் பதினாறு, தங்கைக்கு ஏழு. அன்றிலிருந்து கிரீஸ் படிந்த கைகளாலேயே அவளைக் குளிப்பாட்டி, தலை பின்னி, பள்ளிக்கு அனுப்பி, ஆளாக்கினார். பின்னல் எப்போதும் கோணலாகத்தான் வரும். "எங்க அண்ணன் போட்ட ஜடை" என்று அதையும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் அவள். வளர்ந்து கல்யாணமாகி இன்னொரு வீட்டுக்குப் போன பிறகும், "எங்க அண்ணன் சொன்னா சொன்னதுதான்" என்பது அவள் வாயை விட்டுப் போகவில்லை. அவருக்கும் உலகத்தில் அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது.

அவள் புருஷனை அந்த ஆபீஸில் டிரைவராகச் சேர்த்துவிட்டதும் அவர்தான். ஆபீஸ் வண்டிகள் அத்தனையும் அவர் ஷெட்டுக்கு வருகிறவை. ஒரு வார்த்தை சொன்னார், வேலை கிடைத்தது.

பதினான்கு மாதங்களுக்கு முன் அந்த வெள்ளை வண்டி, பெரிய சாலையில், பின்னால் லாரி வந்துகொண்டிருக்கும்போது, திடீரென்று துவண்டது. லாரி இடித்ததில், பின்சீட்டில் இருந்த மேலாளரின் தாயாருக்குத் தோள் எலும்பு முறிந்தது. "பெடலை மிதிச்சேன் மச்சான். தரையோட மிதிச்சேன். வண்டி கேக்கல" என்று மாப்பிள்ளை கெஞ்சாத குறையாகச் சொன்னான்.

அன்று மாலையே வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர், வண்டியின் கம்ப்யூட்டர் குறித்து வைத்ததைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினார். மாட்டியதும், வழக்கம்போல, அதில் பதிவாகியிருந்த குறைகள் எல்லாவற்றையும் படிக்காமலே அழித்தார். "மிஷின் ஆயிரம் புலம்பும். துடைச்சுப் போட்டுட்டு ஓட்டிப் பாரு, நிஜமான நோய் தானா வரும்" என்பது அவர் தொழில் முறை. மறுநாள் காலை, ஆறிக் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி நாலு தெரு சுற்றி வந்தார். வெண்ணெய் மாதிரி ஓடியது. காதுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. ஆபீஸ் கேட்டது, எழுதிக் கொடுத்தார். ஒரே வரி: வண்டியில் குறை ஏதும் இல்லை. அடியில் கையெழுத்து.

சொந்த மைத்துனரே எழுதிக் கொடுத்த பிறகு யார் மறுத்துப் பேசுவார்கள்? தூங்கிவிட்டான் என்று முடிவாயிற்று. வேலை போயிற்று. மற்ற டிரைவர்கள் அவனுக்குக் கொட்டாவி என்று பெயர் வைத்தார்கள். அதன் பிறகு யாரும் அவன் கையில் சாவி கொடுக்கவில்லை. இப்போது ஒரு கிடங்கில் மூட்டை அடுக்குகிறான். மச்சான் வீட்டுப் படி ஏறுவதில்லை.

காதுக்காரர் கையைக் கழுவிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார். புது டிரைவர் எஞ்சினை அணைக்காமல் கதவோரம் நின்றிருந்தான். வண்டி கொதித்துக்கொண்டிருந்தது, விளக்கு எரிந்தது.

"காதுக்காரரே, இதுக்குப் பேய் பிடிச்சிருக்கு. மிதிச்சா நகர மாட்டேங்குது, மிதிக்காம நின்னா குதிக்குது. எங்க மாமியார் குணம் அப்படியே."

"எத்தனை நாளா?"

"வந்த நாளா அப்பப்போ உண்டு. ஓரமா நிறுத்தி, அணைச்சுப் போட்டா சரியாயிடும்."

"முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா எனக்கும் தூக்கம்னு எழுதிக் கொடுத்திருப்பீங்க. கொட்டாவிக்கு ஆன கதி எனக்கு எதுக்குன்னு..." அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டு மாப்பிள்ளைங்கிறதை மறந்துட்டேன்."

அவர் ஸ்கேனரை மாட்டினார். கட்டைவிரல் தானாகவே அழிக்கும் பொத்தானுக்குப் போயிற்று.

"என்ன, படிக்காமலே அழிக்கிறீங்க?" என்றான் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவன்.

"பழசெல்லாம் கிடக்கும்."

"லைட்டு இன்னிக்குக் காலைலதான் எரிஞ்சுது. பழசுன்னா எப்படி? டாக்டரே சீட்டைப் படிக்காம கிழிச்சுப் போட்டா நாங்க எங்கே போறது?"

விரல் நின்றது. அவர் படித்தார்.

த்ராட்டில் பாடி. எஞ்சினுக்குள் காற்று போகிற வாசல் அது. உள்ளே வட்டமாக ஒரு தட்டு. அதைத் திறந்து மூட ஒரு சின்ன மோட்டார். பழைய வண்டிகளைப் போல் பெடலிலிருந்து கம்பி இழுத்துத் திறப்பதில்லை. கால் கேட்பதைக் கம்ப்யூட்டர் வாங்கி மோட்டாருக்குச் சொல்கிறது. தட்டு எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல உள்ளே இரண்டு சென்சார்கள். ஒன்றின் அளவு ஏறினால் மற்றது அதே கணக்கில் இறங்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கம்ப்யூட்டர் எதையும் நம்பாது. வண்டியின் பலத்தைப் பறித்துவிடும். அப்புறம் தரையோடு மிதித்தாலும் வண்டி ஊரத்தான் செய்யும். அந்த இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றுதான் திரையில் எழுதியிருந்தது.

எஞ்சினை அணைத்தார். சாவியை மட்டும் திருப்பி வைத்துப் பெடலை மெல்ல மெல்ல அழுத்தச் சொன்னார். திரையில் இரண்டு கோடுகள். ஒன்று ஏற, மற்றது இறங்க, மூன்றில் ஒரு பங்கு திறந்த இடத்தில் ஒரு கோடு பொத்தென்று விழுந்து எழுந்தது. மறுபடி அழுத்தச் சொன்னார். அதே இடம். ஒயரைப் பிடித்து ஆட்டினார், மாற்றமில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், துரு இல்லை. மின்சாரம் வருகிறதா என்று மீட்டர் வைத்தார், சரியாக வந்தது. வெளியே குறை இல்லை. உள்ளேதான். நாளெல்லாம் ஓடி ஓடித் தேய்ந்த, சென்சாரின் ஒரு நூல் அளவு தடம், சூடேறினால் மட்டும் பிடி விடுகிறது. குளிர்ந்த வண்டியில் எந்தக் காதுக்கும் அது கேட்காது.

"கண்டுபிடிச்சாச்சா?" என்றான் டிரைவர். "பத்து நிமிஷம்கூட ஆகல. கெட்டிக்காரர்தான் நீங்க."

அவருக்கு முதுகில் யாரோ கொதிநீரை ஊற்றினாற்போல் இருந்தது.

புது த்ராட்டில் பாடி கடையிலிருந்து வந்துசேர மூன்று மணி ஆகிவிட்டது. காற்றுக் குழாயைக் கழற்றி, பிளக்கைப் பிடுங்கி, நான்கு போல்ட்டுகளையும் தளர்த்தி, பழையதை எடுத்தார். இடையில் காற்று கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டை இரண்டு முறை எடுத்துப் பார்த்து உட்கார வைத்தார். புதியதைப் பூட்டியதும் சாவியைத் திருப்பினார். "காலை எடுத்துடு. பெடலைத் தொடாதே. மூடின இடம் எதுன்னு அது கத்துக்கட்டும்" என்றார். பிறகு சூடேறும் வரை ஓட்டிப் பார்த்தார். கோடுகள் இரண்டும் சண்டையில்லாமல் ஏறி இறங்கின.

வண்டி போனதும் தங்கைக்குப் போன் செய்து உடனே வரச் சொன்னார். ஒரு வெள்ளைக் காகிதம் எடுத்து, ஆபீஸுக்கு எழுதினார். குறை பழையது. விபத்தன்றும் அதுவே காரணம். அன்று பதிவைப் படிக்காமல் அழித்தது என் தவறு. ஓட்டியவர் மேல் குற்றம் இல்லை.

மனைவி படித்துப் பார்த்தாள். "இதைக் கொடுத்தா இனிமே அவங்க வண்டி ஒண்ணும் இந்த வாசலுக்கு வராது."

"வர வேணாம்."

"போன வருஷமே இந்த அக்கறை இருந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனவள் திரும்ப வரவில்லை.

விளக்கேற்றும் நேரத்துக்குத் தங்கை வந்தாள். வேர்த்து விறுவிறுத்து வந்திருந்தாள்.

"என்னண்ணே, போன்ல உன் குரலே சரியில்ல. அண்ணிக்கு ஏதும் உடம்பா?"

"உட்காரு. மாப்பிள்ளை எப்படி இருக்கார்?"

"இருக்கார். நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கல அண்ணே. மனுஷன் கண்ணசந்துட்டார், அதுக்காகத் தூக்கியா எறிய முடியும்?" அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "முதல்ல நாலு மாசம் தூங்கலை தூங்கலைன்னே சாதிச்சார். எனக்கு அதுதான் ஆத்திரம். எங்க அண்ணன் பொய் எழுதுவாரான்னு தினமும் கேட்டேன். சோறு போடறப்பக் கேட்டேன், பாயை விரிக்கறப்பக் கேட்டேன். கடைசில ஒருநாள் அவரே, ஆமா தூங்கிட்டேன், போதுமான்னு ஒத்துக்கிட்டார். அன்னிக்குத்தான் எனக்கு மனசு ஆறுச்சு. மன்னிச்சிட்டேன்."

அவர் மேஜைமேல் துணியில் சுற்றி வைத்திருந்த பழைய த்ராட்டில் பாடியைப் பிரித்து அவள் முன் தள்ளினார்.

"அவர் தூங்கல, கண்ணு."

அவள் சிரித்தாள். அண்ணன் ஏதோ சமாதானம் சொல்கிறார் என்று நினைத்திருப்பாள்.

"இதுதான் தூங்குச்சு. உள்ளே தேஞ்சு போயிருக்கு. அவர் மிதிச்சது நிஜம். வண்டி கேக்காததும் நிஜம். அன்னிக்கே மிஷின் சொல்லிச்சு. நான்தான் படிக்காம அழிச்சேன்."

அந்த இரும்புத் துண்டையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டுவாள், காலைப் பிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தார். அவள் இரண்டும் செய்யவில்லை.

"இதைக் கண்டுபிடிக்க இன்னிக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"

அவர் தலை தாழ்ந்தது. "பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷம்" என்றாள் அவள். "அன்னிக்கே படிச்சிருந்தா?"

"அதுவும் வேணாம்."

"நான் நாலு மாசம் அவர் உயிரை எடுத்தேனே அண்ணே. பொய் சொல்ல வெச்சேன். அந்தப் பொய்யைச் சொன்னதுக்கு அவரை மன்னிச்சேன். பத்து மாசமா, பெரிய மனசு பண்ணி, மன்னிச்சுக்கிட்டே இருக்கேன்."

அவர் காகிதத்தை நீட்டினார். "ஆபீஸுக்கு எழுதிட்டேன். நாளைக்கே கொண்டு போய்க் கொடுக்கிறேன். இப்போ உன்கூட வரேன். மாப்பிள்ளை கால்ல விழுந்தாவது..."

அவள் காகிதத்தை வாங்கிப் படித்தாள். ஒரு வரிகூட விடாமல் படித்தாள். நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஆபீஸுக்கு நான் கொடுத்துக்கிறேன். அவர்கிட்டயும் நானே சொல்லிக்கிறேன். நீ வர வேணாம்."

"நான் சொல்லணும், கண்ணு. தப்பு பண்ணினது நான்."

"வேணாம்." அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். "நீ வந்து நின்னா அந்த மனுஷன் உன்னை அங்கேயே மன்னிச்சிடுவார். அது உனக்குக் கிடைக்க வேணாம்."

அவர் வாசல் வரை போனார். அவள் வெளியே இறங்கி, திரும்பிப் பார்க்காமல், தன் கையாலேயே கதவை இழுத்துச் சாத்தினாள்.