மோருக்கு நிழல், விருந்தினருக்குப் பொன்னாடை

என் கணவர் போன கோடையில் எங்கள் தெருமுனையில் வெயில் தாங்காமல் மயங்கி விழுந்தார். அதனால்தான் இந்தக் கோடையில் அதே முனையில் நீர்மோர்ப் பந்தலைத் திறந்து வைக்க அவரையே கூப்பிட்டார்கள்.

தெருச் சங்கத் தலைவர் வீட்டுக்கே வந்து சொன்னார். "வெயிலோட கொடுமை உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி இந்தத் தெருவுல வேற யாருக்குண்ணே தெரியும்?"

என் கணவர் பூட்டுக்கடை வைத்திருப்பவர். மேடை ஏறிப் பழக்கமில்லை. ஆனால் ஒரு வருடமாக, பால் வாங்கப் போனாலும் முடிவெட்டப் போனாலும், "அன்னைக்கு விழுந்தீங்களே, இப்பப் பரவாயில்லையா?" என்று எல்லோரும் கேட்டுக் கேட்டு அவர் நொந்து போயிருந்தார். விழுந்த இடத்தில் ஒருமுறை நின்று காட்டிவிட வேண்டும் என்று அவருக்கு இருந்தது. சரி என்று சொல்லிவிட்டார்.

எனக்குச் சரியாகப் படவில்லை. ஒருமுறை வெயில் அடித்த உடம்பை மறுமுறை அது சீக்கிரம் சாய்த்துவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். உச்சி வெயிலில் நிற்க விடாதீர்கள்; வியர்வை நின்று பேச்சு தடுமாறினால் எதற்கும் காத்திருக்காமல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே தூக்கி வாருங்கள் என்றும் சொல்லியிருந்தார்.

"காலையிலயே வச்சுக்கலாமே" என்றேன் தலைவரிடம்.

அவரும் யோசிக்காமல் இல்லை. வெள்ளிக்கிழமை என்று முடிவாகிவிட்டது. சங்கத்தில் பாதிப்பேர் பூ வியாபாரிகள். காலையில் நிலக்கோட்டைச் சந்தையில் இருப்பார்கள். அவர்கள் திரும்பி வரும்போது ராகு காலம் பிறந்துவிடும். அது முடிய நண்பகல் ஆகும். அதற்கும் பிறகு என்றால் பக்கத்துப் பிரியாணிக்கடை பாய் ஜும்ஆ தொழுகைக்குப் போக வேண்டும். பந்தலுக்கு மூங்கில் கொடுத்தவரே அவர்தான், அவர் இல்லாமல் எப்படி? ஒருவர் மனமும் கோணாமல் ஒவ்வொரு நேரமாகத் தள்ளிக்கொண்டே வந்ததில், உச்சி வெயில் ஒன்றுதான் மிஞ்சியது.

நான் ஒரு பை தயார் செய்தேன். உப்புச் சர்க்கரைக் கரைசல், ஈரத்துண்டு, குடை, விசிறி, மருத்துவரின் தொலைபேசி எண் எழுதிய சீட்டு. பையைப் பார்த்துவிட்டு இவர், "திறப்பு விழாவுக்குப் போறமா, தீர்த்த யாத்திரைக்குப் போறமா?" என்றார்.

பந்தல் நன்றாகத்தான் இருந்தது. தென்னங்கீற்றுக் கூரை, வாழை மரம், மாவிலைத் தோரணம். கூரையின் நிழல் மோர் டிரம்மின் மேலும், அதன் பின்னால் கட்டிய பிளெக்ஸ் பேனரின் மேலும் சரியாக விழுந்தது. ஆட்கள் நிற்கும் இடத்தில் வெயில். "மோர் சூடாயிரக் கூடாதுல்ல தங்கச்சி" என்றார் பாய் என்னிடம், சிரிக்காமல்.

டிரம் மூடியில் இவர் கடைப் பூட்டு ஒன்று தொங்கியது. ரிப்பனை எந்த ஊர்க்காரனும் வெட்டலாம், பூட்டுக்குப் பேர்போன நம் ஊரில் பூட்டைத் திறப்பதுதான் முறை என்பது தலைவரின் யோசனை. கடையிலேயே பெரிய பூட்டாக இவர் தேர்ந்தெடுத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அடியில குழாய் சும்மாதான கெடக்கு? அதத் திருகுனா மோர் வந்துரப் போகுது" என்றார் பாய்.

"அது விநியோகத்துக்கு பாய். இது திறப்புக்கு" என்றார் தலைவர்.

முதலில் பொன்னாடை. சங்கத்தின் சார்பில் சிவப்பு. பூ வியாபாரிகள் சார்பில் பச்சை, கூடவே முழங்கால் வரை தொங்கும் ரோஜா மாலை. ஆட்டோ நிறுத்தத்தின் சார்பில் மஞ்சள். எல்லாமே காற்றுப் புகாத பளபளப்புத் துணி. கடைசியாகத் தலைவர் தன் சொந்தச் சார்பில் ஒன்று போர்த்தினார். அது கொடைக்கானலில் வாங்கிய கம்பளிச் சால்வை.

பொதுவாகப் போர்த்தியதும் எடுத்துப் பக்கத்தில் கொடுத்துவிடுவார்கள். நானும் அதற்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். ஆனால் போட்டோக்காரர் இன்னும் வரவில்லை.

"போட்டோ எடுக்குற வரைக்கும் இருக்கட்டும்ணே. யாரு போட்டதும் மறையக் கூடாது பாருங்க" என்று தலைவர் ஒவ்வொரு சால்வையின் கரையும் தெரியும்படி அடுக்கி விட்டார். பார்க்கக் கொலுப்படி மாதிரி இருந்தது. நான் குடையை விரித்தேன். பின்னால் இருந்து, "அக்கா, பேனரு மறைக்குது" என்று ஒரு குரல். கொஞ்சம் சாய்த்துப் பிடித்தேன்.

தலைவர் பேசினார். வெயில் காலத்தில் மெல்லிய பருத்தி ஆடைகளையே அணிய வேண்டும் என்று சொன்னார். நண்பகலில் யாரும் வெளியே வரக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டார். வெளியே நின்றிருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

பிறகு பூட்டைத் திறக்க வேண்டும். சாவி சட்டைப்பையில் இருந்தது. சட்டை, நான்கு சால்வைக்கும் ஒரு மாலைக்கும் அடியில் இருந்தது. இவர் கையை உள்ளே விட்டுத் துழாவினார். கை பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் வழி தவறியது.

"கம்பளிய மட்டும் எடுத்துரட்டுமா?" என்றேன்.

தலைவர் முகம் வாடியது. "என்னோடத மட்டுமாக்கா?"

அப்போதுதான் இவர் முகத்தைப் பார்த்தேன். அதுவரை ஆறாக ஓடிய வியர்வையைக் காணோம். முகம் சிவந்து, காய்ந்த ஓடு மாதிரி இருந்தது. மைக்கைப் பிடித்துக்கொண்டு, "பழைய பூட்டு இருந்தா எல்லாரும் கொண்டாங்க. எடைக்குப் போட்டுப் புதுசு வாங்கிக்கலாம். மூணாவது பூட்டுக்குத் தலைவலிக்குது" என்றார்.

கூட்டம் கை தட்டியது. "சுருக்கமாப் பேசிட்டாருப்பா" என்றார் ஒருவர்.

நான் குடையைப் போட்டுவிட்டு, டம்ளர் கழுவ வைத்திருந்த வாளியைத் தூக்கி அவர் தலையில் கவிழ்த்தேன்.

ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு தலைவர், "என்னக்கா, சால்வை போச்சே" என்றார்.

பாய்க்குப் புரிந்துவிட்டது. கடைக்குள்ளிருந்து அண்டாத் தண்ணீரோடு வந்தார். "நகருங்கப்பா. மாப்ள, என்னையப் பாரு, நான் யாரு?"

"ரசீது வேணுமா?" என்றார் இவர்.

"வேணாம், வண்டியில ஏறு."

கம்பளியையும் மாலையையும் நானே உருவித் தலைவர் கையில் கொடுத்தேன். மற்றதைக் கழற்ற நிற்கவில்லை. அதன் மேலேயே தண்ணீர் ஊற்றினோம். பையிலிருந்த கரைசலை ஒருவர் எடுத்து நீட்டினார். பேச்சு குழறுகிறவர் வாயில் எதையும் புகட்டக் கூடாது என்று தள்ளிவிட்டேன். ஆட்டோவில் நான் ஒரு பக்கம் விசிற, பாய் மறுபக்கம் செம்பு செம்பாக ஊற்றிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் எங்களை இறக்கி உள்ளே சேர்த்த பிறகுதான், ஈரக் கைலியோடு தொழுகைக்கு ஓடினார்.

இளம் பெண் மருத்துவர் பச்சையையும் மஞ்சளையும் விலக்கி, சிவப்பைப் பார்த்ததும் நின்றார். "இந்த வெயில்ல யாரும்மா இவர இப்படிச் சுத்துனது?"

"பாராட்டுனாங்க டாக்டர்."

காரணம் என்ற இடத்தில் அவர் ஒன்றும் எழுதவில்லை. "தண்ணிய ஊத்திக் கொண்டாந்தீங்க, தப்பிச்சாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு, அக்குளில் ஐஸ் வைக்கச் சொன்னார்.

சால்வைகளைப் பிழிந்து ஜன்னலில் போட்டேன். விசிறிக் காற்றில் அந்த மூலை குளுகுளுவென்று ஆனது. அடுத்த கட்டில்காரரின் மனைவி நாற்காலியை எங்கள் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

செத்த நேரம் கழித்து இவர் கண்ணைத் திறந்து, நான் யார் என்று சரியாகச் சொன்னார். அடுத்து, "மோரு திறந்தாச்சா?" என்றார்.

திறக்கவில்லை. தலைவர் போனில் அழைத்தபோதுதான் தெரிந்தது. சாவி என் மடியிலிருந்த ஈரச் சட்டைக்குள் இருந்தது. பூட்டை இரும்புக் கம்பியால் நெம்பிப் பார்த்திருக்கிறார்கள். கம்பி வளைந்திருக்கிறது. அதைக் கேட்டு இவர் முகத்தில் ஒரு திருப்தி.

"குழாயத் திருகச் சொல்லு" என்றார் என்னிடம்.

போனை ஸ்பீக்கரில் போட்டேன். "திறக்காம எப்படிண்ணே குடுக்குறது?" என்றார் தலைவர். "சனம் வெயில்ல நிக்குது. எமகண்டம் வேற பொறக்கப் போகுது. உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிருங்க."

இவர் தலையணையில் சற்று நிமிர்ந்தார். நின்று காட்ட வேண்டும் என்று வந்தவர், படுத்தபடியே தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"திறந்துட்டேன்" என்றார்.

அந்தப் பக்கம் கை தட்டினார்கள். பிறகு குழாயிலிருந்து டம்ளருக்குள் மோர் விழும் சத்தம், ஒருவர் "உப்புப் பத்தல" என்பது, எல்லாம் கேட்டது. நான் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலுதட்டில் பொடிப்பொடியாக வியர்வை துளிர்த்திருந்தது. துண்டு என் கையில்தான் இருந்தது. துடைக்கவில்லை.