மே எட்டும் ஆகஸ்ட் ஐந்தும்

ஷஹீமாவின் கிரீன் கார்டு வந்த அன்று வீட்டில் எல்லோரும் பார்த்தது பெயரையும் போட்டோவையும், எந்த வருஷம் வரை செல்லும் என்பதையும்தான். போட்டோவில் உம்மா முழித்துக்கொண்டிருப்பதாகச் சொல்லி மகள் சிரித்தாள். பதினான்கு வருஷம் காத்திருந்து வந்த அட்டை. கணவன் உஸைர் இந்தியக் கடைகள் இருக்கும் ஐசலினுக்குப் போய் இனிப்பு வாங்கிவந்து, அவர்கள் குடியிருந்த வெஸ்ட் வின்ட்சரில் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் கொடுத்தான். பிறந்த தேதியை யாரும் படிக்கவில்லை.

உஸைருக்கு பார்சிப்பனியில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கணினி வேலை. ஷஹீமா பாளையங்கோட்டையில் மனையியல் படித்தவள். அமெரிக்கா வந்த நாளிலிருந்து காகிதம் சம்பந்தப்பட்ட எதிலும் அவள் தலையிட்டதில்லை. விசா, வரி, வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் உஸைரே நிரப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் மஞ்சள் ஒட்டுச்சீட்டு வைத்துத் தருவான். அவள் சீட்டைத் தேடித் தேடிக் கையெழுத்துப் போடுவாள். அவனுக்கு அதில் ஒரு பெருமை, அவளுக்கு அதில் ஒரு நிம்மதி.

கார்டு வந்த பிறகு அவளுக்கு வேலைக்குப் போகும் ஆசை வந்தது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதற்கான படிப்பு ஒன்றை ஆன்லைனில் முடித்தாள். பிரின்ஸ்டன் ஜங்ஷன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் டேகேர் நடத்தும் சண்முகப்ரியா, செப்டம்பரில் சேரச் சொன்னாள். மூன்று வயதுக் குழந்தைகளின் வகுப்பு. ஷஹீமா புதிதாக இரண்டு ஜோடி ஷூ வாங்கினாள். நாள் முழுக்க நிற்க வேண்டியிருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தாள்.

சேர வேண்டிய வாரத்துக்கு முந்தைய வாரம் சண்முகப்ரியா போன் செய்தாள்.

"அக்கா, உங்க பேக்ரவுண்ட் செக் திரும்பி வந்துடுச்சு. கிரீன் கார்டுல டேட் ஆஃப் பர்த் வேற மாதிரி இருக்காம். கொஞ்சம் எடுத்துப் பாருங்களேன்."

கார்டில் மே எட்டு என்று இருந்தது. பாஸ்போர்ட்டில் ஆகஸ்ட் ஐந்து. ஆகஸ்ட் ஐந்துதான் சரி.

உஸைர் கொதித்துப்போனான். பதினான்கு வருஷம் காக்க வைத்தவர்களுக்கு ஒரு தேதியை ஒழுங்காக டைப் அடிக்கத் தெரியாதா என்று, பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டான். குடியேற்றத் துறையின் தவறு என்றால் கட்டணம் கிடையாது. திருத்த விண்ணப்பத்தில் அதற்கான கட்டத்தில் டிக் அடித்து, கார்டையும் இணைத்து அன்றே தபாலில் அனுப்பினான். சண்முகப்ரியா ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு வேறு ஒருத்தியை வேலைக்கு எடுத்துவிட்டு, வருத்தத்தோடு சொன்னாள். ஷஹீமா பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, ஷூக்களைப் பெட்டியோடு அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள்.

ஜனவரியில் கார்டு திரும்பி வந்தது. கூடவே ஒரு கடிதம். நீங்கள் விண்ணப்பத்தில் கொடுத்திருந்த தேதியும் கார்டில் உள்ள தேதியும் ஒன்றுதான், தவறு எங்களுடையது அல்ல என்று அதில் எழுதியிருந்தது. உஸைர் அப்போது ஆபீஸில் இருந்தான். ஷஹீமா கடிதத்தை மூன்று முறை படித்தாள். பிறகு, விண்ணப்பத்தைத் தயாரித்த வக்கீல் ஆபீஸுக்கு, அந்த நாட்டில் முதல் முறையாகத் தானே ஒரு ஈமெயில் எழுதினாள். மறுநாள் பழைய காகிதங்கள் எல்லாம் வந்தன.

உஸைர் நிரப்பிக் கொடுத்த படிவமும் அதில் இருந்தது. மூன்று பேரின் தேதியையும் ஊர் வழக்கப்படி நாளை முதலிலும் மாதத்தை அடுத்தும் போட்டு எழுதியிருந்தான். அமெரிக்காவில் மாதம்தான் முதலில் வரும். அவனுடையது பதினேழாம் தேதி, மகளுடையது இருபத்திரண்டு. பதினேழாவது மாதம் என்று ஒன்று இல்லாததால், வக்கீல் ஆபீஸில் யாரோ கவனித்து அவை இரண்டையும் மாற்றிவிட்டார்கள். ஐந்தும் எட்டும் எப்படிப் போட்டாலும் பொருந்தும். அவளுடையது மட்டும் யார் கண்ணிலும் படாமல் போனது. பக்கத்தின் அடியில் அவள் கையெழுத்து இருந்தது.

அன்று மாலை அவன் சாப்பிட்டு முடித்ததும் லேப்டாப்பை மேஜைக்குக் கொண்டுவந்தாள். பிறகு கேட்டாள்.

"எம் பொறந்த நாளு என்னைக்குங்க?"

"ஆகஸ்ட் அஞ்சு. ஏன்?"

யோசிக்காமல் சொன்னான். அது அவளுக்குப் போதுமாக இருந்தது. லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பி வைத்தாள். அவன் அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படித்தான்.

"லஞ்ச் டைம்ல அவசரமா ஃபில் பண்ணேன்," என்றான் கடைசியில். "எந் தப்புதான். உன் வேலையும் போச்சு என்னால."

"நானும்தான் படிக்காமக் கையெழுத்துப் போட்டிருக்கேன். இந்தத் தடவை நானே ஃபில் பண்றேன். நீங்க படிச்சுப் பாருங்க, போதும்."

மூன்று நாள் எடுத்துக்கொண்டாள். திருத்தத்துக்கான காரணம் எழுதும் இடத்தில் பழியை வக்கீல் மேல் போட்டுவிடலாமா என்று உஸைர் மெல்லக் கேட்டான். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. என் கணவர் மாதத்துக்கு முன்னால் நாளை எழுதிவிட்டார், நான் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று நடந்ததை நடந்தபடி எழுதினாள். மேலப்பாளையத்தில் இருந்த அவள் தம்பி அலைந்து திரிந்து பிறப்புச் சான்றிதழ் வாங்கி அனுப்பினான். அதில் அவள் பெயரே இல்லை, பெண் குழந்தை என்று மட்டும் இருந்தது. அதனால் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழையும் சேர்த்து வைத்தாள்.

கைரேகைக்கு நியூவர்க்குக்கு அழைப்பு வந்தபோது உஸைர் லீவு போடுகிறேன் என்றான். வேண்டாம் என்று சொல்லி, ரயிலேறித் தனியாகப் போனாள். அங்கே இருந்த அலுவலர் பிறந்த தேதியைக் கேட்டுக் கணினியில் தட்டினார். திரையை ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டாள். அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். சரியாக இருந்தது.

புதுக் கார்டு வர அந்த வருஷத்தின் டிசம்பர் ஆகிவிட்டது. வேலைக்குத் தேவையான எண்ணைத் தரும் சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸிலும் பழைய தேதி பதிவாகியிருந்தது. ட்ரென்டனுக்குத் தானே கார் ஓட்டிக்கொண்டு போய் அதையும் மாற்றினாள். சண்முகப்ரியாவிடம் மூன்று வயது வகுப்பில் இடம் இல்லை. இரண்டு வயதுக் குழந்தைகள் என்றால் உண்டு, டயபர் மாற்ற வேண்டியிருக்கும், பரவாயில்லையா என்று கேட்டாள். ஷஹீமா பிப்ரவரியில் சேர்ந்தாள்.

முதல் நாள் மதியம் ஒரு குழந்தை அவள் மடியிலேயே தூங்கிவிட்டது. கால் மரத்துப்போயும் அவள் அசையவில்லை. மாலையில் அந்தக் குழந்தையின் அம்மா வந்து, தூங்கினாயா என்று தமிழில் அதனிடம் கேட்கும்வரை, அதற்குத் தமிழ் தெரியும் என்பதே அவளுக்குத் தெரியாது.