நாய்க்கு இன்னா ஆச்சு?

வாசிக்கத் திணறும் பிள்ளைகளைக் கண்டுபிடிப்பது என் வேலையில் சுலபமான பாதி. கண்டுபிடித்தது ஊருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டமான பாதி. வீட்டுப்பாடப் புத்தகத்தை நடுவில் வைத்துக்கொண்டு பிள்ளையோடு மல்லுக்கட்டி, தொண்டை வறண்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். பல வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, பாகூர்ப் பக்கத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றில் இந்த வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு முதல் பாதி மட்டும்தான் தெரிந்திருந்தது.

விரல் போகும் வழி

ஐந்தாம் வகுப்பு நித்யாவை முதல் நாள் வாசிக்கச் சொன்னேன். தமிழ்ப் பாடத்தைத் தடையில்லாமல், ஏற்ற இறக்கத்தோடு வாசித்தாள். விரல் ஒவ்வொரு சொல்லாக நகர்ந்தது. நல்லாத்தானே படிக்கிறாள், இவள் பெயரை எதற்குத் திணறுகிறவர்கள் பட்டியலில் சேர்த்தார்கள் என்று யோசித்தபோதுதான் கவனித்தேன். விரல் மூன்றாவது வரியில் இருந்தது. வாய் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டிருந்தது.

எனக்கும் இந்த வித்தை தெரியும். ஐந்தாவது வரை தமிழில் படித்துவிட்டு ஆறாவதில் பிரெஞ்சுப் பள்ளிக்கு மாறியபோது, ஒரு வருஷம் முழுக்க அடுத்தவர்களின் குரலுக்கு நான் உதட்டை மட்டும் அசைத்திருக்கிறேன். அதனால் திட்டவில்லை. பக்கத்தின்மேல் என் உள்ளங்கையை வைத்து மூடினேன். அவள் நிறுத்தவே இல்லை. பாடத்தை முடித்துவிட்டுக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்:

"மறைச்சாலும் வரும் மிஸ்."

வராண்டா வகுப்பு

அடுத்து நான் செய்தது தப்பு. தினமும் பத்து மணிக்கு வகுப்பு வாசலில் நின்று, பட்டியலைப் பார்த்து ஐந்து பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வராண்டாவில் உட்காரவைத்து, கையில் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தேன். ஜன்னல் வழியாக மொத்த வகுப்பும் வேடிக்கை பார்த்தது. இரண்டாவது நாளே எங்களுக்கு 'அ, ஆ கிளாஸ்' என்று பெயர் விழுந்துவிட்டது. மூன்றாவது நாள் நித்யாவுக்கு வயிற்றுவலி. நான்காவது நாள் ஆளையே காணோம்.

ஐந்தாவது நாள் அவள் அம்மா செல்வி வந்தார். நடவுக்குப் போகிற வழியில் வந்திருந்தார். கையில் சாப்பாட்டுத் தூக்குவாளி. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "எம் பொண்ணு இன்னா லூசா மேடம்? பேரு சொல்லிக் கூப்ட்டு வெளிய உக்கார வெக்கிறீங்களாமே. ஜூன்ல பாகூர் பெரிய ஸ்கூலுக்குப் போவப் போறவ. இப்ப இன்னான்னா, நான் ஸ்கூலுக்குப் போவல, உங்கூட நடவுக்கு வரேன்னு அழுவுறா." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்:

"படிக்க வெக்கிறேன்னு பள்ளிக்கூடத்தயே விட வெச்சிடாதீங்க."

ஆயிஷாவின் சந்தேகம்

பட்டியலை மேசை டிராயரில் போட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிடுவதையும் நிறுத்தினேன். அம்மா கெஞ்சி அனுப்பிவைத்த நித்யாவிடம் ஓர் உதவி கேட்டேன். ஒன்றாம் வகுப்பு ஆயிஷா, கடைத்தெரு பாத்திரக்கடைக்காரர் மகள், மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் யார் மடியிலாவது ஏறிக்கொண்டு கதை கேட்கிறாள். பத்து நிமிஷம் ஒரு புத்தகத்தை அவளுக்குப் படித்துக் காட்ட முடியுமா? வராண்டாவில் கொடுத்த அதே புத்தகம்தான். பாப்பாவுக்குப் படித்துக் காட்டத்தான் என்றதும் அதில் அவமானம் ஏதும் இல்லாமல் போய்விட்டது.

நித்யா அதிலிருந்த நாய்ப் படத்தைப் பார்த்துக் கதையை அவளே கட்டினாள். நாய் கரும்பு டிராக்டரில் அடிபட்டுக் கால் ஒடிந்தது; டாக்டர் வந்து கட்டுப் போட்டார்; ஆயிஷா கண் கலங்கினாள். நான் திருத்தவில்லை. மறுநாள் ஆயிஷா அதே கதைதான் வேண்டும் என்று அதே புத்தகத்தோடு வந்தாள். நித்யாவுக்கு நேற்றுச் சொன்னது மறந்துவிட்டது. இன்றைக்கு நாய் ஏரியில் நீந்தி மீன் பிடித்தது. ஆயிஷா பக்கத்தை உற்றுப் பார்த்தாள், நித்யாவின் முகத்தைப் பார்த்தாள்:

"நேத்து கால் ஒடஞ்ச நாயி, இன்னிக்கி எப்டிக்கா நீஞ்சுது?"

மணி அடிப்பதற்கு முன்

அடுத்த நாள் காலை நான் ஸ்கூட்டரை நிறுத்தும்போது பள்ளிக்கு யாரும் வந்திருக்கவில்லை. நித்யா மட்டும் படியில் உட்கார்ந்து, ஏற்கெனவே கட்டியிருந்த ரிப்பனை அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தாள். பைக்குள்ளிருந்து அந்தப் புத்தகம் எட்டிப் பார்த்தது. என்னம்மா இவ்வளவு சீக்கிரம் என்றேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்:

"அந்த நாய்க்கு இன்னாதான் மிஸ் ஆச்சு? புக்குல இன்னா போட்டிருக்கு?"

நான்கு வரி

அன்றிலிருந்து தினமும் மணி அடிப்பதற்கு முன் அரை மணி நேரம் உட்கார்ந்தோம். தனி எழுத்து எல்லாம் அவளுக்குத் தெரியும். எழுத்தோடு காலோ கொம்போ சேர்ந்துவிட்டால்தான் தடுமாற்றம். ஒரு வரிக்கு ஒரு வாரம் ஆனது. சில நாள் கோபத்தில் புத்தகத்தை மூடி அதன்மேல் உட்கார்ந்துகொள்வாள். ஆனாலும் மறுநாள் வந்துவிடுவாள். நடவுக்கு வருகிறேன் என்ற பேச்சை இப்போதெல்லாம் எடுப்பதில்லை என்று செல்வி போனில் சொன்னார்.

ஒரு மத்தியானம் நித்யா ஆயிஷாவை உட்காரவைத்து, விரலும் வாயும் ஒன்றாகப் போக, வியர்த்து விறுவிறுத்து வாசித்தாள். நாய் வாசலில் நின்றது. மழை வந்தது. நாய் உள்ளே வந்தது. நாய் தூங்கியது. அவ்வளவுதான் கதை. "அவ்ளோதானா? நீ சொன்னதுதான் நல்லாருந்திச்சிக்கா" என்றாள் ஆயிஷா. நித்யா நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். முகத்தில் வெட்கமும் இல்லை, பயமும் இல்லை.

"எழுதனவங்களுக்குக் கதை சொல்லத் தெரியலடி, அதுக்கு நான் இன்னா பண்றது?"

மாத அறிக்கைப் படிவத்தில் நூல் விமர்சனத்துக்கென்று ஒரு கட்டம் இல்லாததால், 'நான்கு வரி தானாக வாசிக்கிறாள்' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.