அணைத்து வைத்த திரை

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது இது. காரைக்குடியில் ஒரு அரசு அலுவலகம். எது என்று சொல்லப் போவதில்லை, இன்னமும் அங்கேதான் வேலை பார்க்கிறேன்.

அப்போது எனக்குப் பார்வை போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கண் அழுத்த நோய். முதலில் ஓரங்கள் போயின, அப்புறம் நடுவும் போனது. சட்டம் இருப்பதால் வேலையை விட்டு அனுப்ப முடியாது. சம்பளம் வந்தது, வேலை வரவில்லை. காலையில் கண்டனூரிலிருந்து பஸ் ஏறி வந்து நாற்காலியில் உட்காருவேன். டீ வரும், குடிப்பேன். மறுபடியும் டீ வரும். ஏதாவது வேலை கொடுங்கள் என்று கேட்டால், "நீங்க சும்மா உக்காருங்கண்ணே, உங்களுக்கு என்ன குறை" என்பார் பக்கத்து மேசைக்காரர். அவர் நல்லவர். என்னை மூலையில் உட்கார வைத்தவர்கள் எல்லோருமே நல்லவர்கள்தான். கெட்டவர்களாக இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

பார்வை இல்லாதவர்களும் கம்ப்யூட்டரில் வேலை செய்யலாம், திரையில் உள்ளதை வாசித்துக் காட்ட மென்பொருள் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கண் ஆஸ்பத்திரியிலும் சொல்லவில்லை, அலுவலகத்திலும் சொல்லவில்லை. ரேடியோவில் யாரோ பேசியதைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சந்தோஷம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. இத்தனை நாளும் டீ குடித்தே வீணாக்கியிருக்கிறேன்.

பயிற்சிக்கு ஊர் ஊராகப் போன் செய்தேன். ஓர் இடத்தில் வயது கூடிவிட்டது என்றார்கள். இன்னோர் இடத்தில் சென்னைக்கு வந்து விடுதியில் ஆறு மாதம் தங்கச் சொன்னார்கள். ஒருவர், "பாடம் எல்லாம் நெட்ல இருக்கு சார், பார்த்துக்கங்க" என்றார். பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

கடைசியில் சிங்கம்புணரியில் ஒரு பெண்மணியின் நம்பர் கிடைத்தது. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். போனிலேயே சொல்லிக்கொடுப்பார். என்னைவிடச் சின்னவர். வாய் மட்டும் என்னைவிடப் பெரிது.

"எதுக்கு சார் மவுஸைத் தடவுறீக? அதைத் தூக்கி அங்குட்டு வைங்க. நமக்குக் கீபோர்டு போதும்."

ஒருநாள் தமிழ் எழுத்து ஒன்றுகூட ஒழுங்காக விழாமல் நான் போனில் மூக்கை உறிஞ்சியபோது, "அழுகுறதுன்னா போனை வச்சுட்டு அழுங்க. முடிச்சுட்டுக் கூப்பிடுங்க, இருக்கேன்" என்றார். பார்வை போன பிறகு என்னிடம் பரிதாபப்படாமல் பேசிய முதல் ஆள் அவர்தான்.

எங்கள் தெருவில் பாதி வீடுகள் வெளியூர் போனவர்களுடையவை, கல்யாணத்துக்கு மட்டும் திறப்பார்கள். சத்தம் கிடையாது. சாயங்காலமானால் மனைவி அடுப்படியில் இருப்பாள், உள் அறையில் பாடத்துக்காக வாங்கிய லேப்டாப்பும் காதில் இயர்போனோடு நானும்தான். விளக்குப் போடமாட்டேன், எனக்கு எதற்கு? லேப்டாப்பின் திரை வெளிச்சத்தையும் அடியோடு குறைத்துவிடச் சொன்னார் டீச்சர். பேட்டரி நிற்கும். பார்வை இல்லாதவர்கள் பலரும் அப்படித்தான் வைத்திருப்பார்களாம். "ஆனா ஆபீஸுக்குக் கொண்டு போறன்னிக்கு வெளிச்சத்தைக் கூட்டிருங்க" என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னார். நான் கேட்கவில்லை. நான் அடிக்கிற தப்புகளைப் பின்னால் நின்று யாரும் பார்த்துவிடக் கூடாது என்று ஒரு வீம்பு.

பாடம் ஆரம்பித்து ஐந்து மாதம் கழித்து, அந்தச் செவ்வாய்க்கிழமை, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் போனேன். எங்கள் கட்டடத்தின் கூரை ஒழுகுவதைப் பற்றி மேலிடத்துக்கு ஒரு நினைவூட்டுக் கடிதம் போக வேண்டியிருந்தது. நான் அடித்துத் தருகிறேன் என்றேன். பக்கத்து மேசைக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரிண்ணே, அடிங்க" என்று விவரத்தைச் சொன்னார்.

ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டிக்கொண்டு அடிக்க ஆரம்பித்தேன். அடிக்க அடிக்க அறையில் பேச்சு குறைந்தது. வழக்கமான அரட்டை இல்லை. என் மேசைக்கு டீகூட வரவில்லை. வேலை செய்கிற மனுஷனைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைக்கிறார்கள் போல என்று எனக்குப் பெருமை. ஒவ்வொரு வரியையும் திரும்பத் திரும்பக் கேட்டுத் திருத்தினேன். அந்தக் காலைப் பொழுதைப் போல நான் நிம்மதியாக இருந்து வெகு நாளாயிற்று.

மத்தியானம் நெருங்கும்போது வாசல் பக்கம் என் மனைவியின் குரல் கேட்டது. இவள் எங்கே இங்கே என்று கையை நிறுத்தினேன். பக்கத்து மேசைக்காரர் அவளிடம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

"தப்பா நினைக்காதீக மதினி. காலையிலருந்து இப்படித்தான் தட்டிக்கிட்டு இருக்காரு. பெட்டி ஆன் ஆகவே இல்ல. சொல்ல எங்களுக்கு மனசு வரல. அதான் போன் பண்ணுனேன். கூட்டிட்டுப் போயி ரெண்டு நாள் ஓய்வா வச்சிருங்க."

அவர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்துவிட்டார்கள். அத்தனை பேரும் காலையிலிருந்து கைகட்டிப் பார்த்திருக்கிறார்கள். அதைக்கூடத் தாங்கியிருப்பேன். அடுத்து அவள் சொன்னதுதான் என்னைக் குத்தியது.

"வீட்லயும் இப்படித்தான் தம்பி. அது கறுப்பாத்தான் கெடக்கும். இவுக பாட்டுக்குத் தட்டுவாக, போன்ல பாடம் கேப்பாக. ஏதோ மனசு ஆறுதுல்ல, இருந்துட்டுப் போகட்டும்னு நானும் ஒண்ணும் கேக்குறதில்ல."

ஐந்து மாதம். ஒவ்வொரு சாயங்காலமும் அறை வாசலில் வந்து நின்று, இருட்டில் செத்த மெஷினைத் தட்டும் புருஷனைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் அடுப்படிக்குப் போயிருக்கிறாள். அந்த வீட்டில் நான் தனியாக இருப்பதாக நினைத்தது தப்பில்லை. ஆனால் எவ்வளவு தனியாக இருந்தேன் என்பது அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

இயர்போன் வயரைப் பிடுங்கினேன். லேப்டாப் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தது. நான் கேட்கிற வேகத்தில் அது வாசித்தால் பழக்கமில்லாதவருக்கு ஒன்றும் விளங்காது.

"என்ன பாஷைண்ணே இது?" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

"தமிழுதான். உங்க கூரை ஒழுகுற கதை" என்று சொல்லி வேகத்தைக் குறைத்தேன். பெறுநர் முகவரியிலிருந்து ஒவ்வொரு வரியாக அந்த வறட்டுக் குரல் அறை முழுக்கக் கேட்டது. பிறகு திரை வெளிச்சத்தைக் கூட்டினேன். யாரோ நாற்காலியை நகர்த்திக்கொண்டு கிட்ட வந்தார்கள். என் மனைவி பக்கத்தில் வந்து நின்றது, அவள் மூச்சு வாங்கியதில் தெரிந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓடி வந்திருக்கிறாள்.

"இதை என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

"நீ கேட்டிருக்கலாம்ல."

எங்கள் பிரிவுக் கண்காணிப்பாளர் வந்து கடிதத்தைத் திரையில் ஒருமுறை படித்தார். இரண்டு எழுத்துப் பிழையைச் சொன்னார். "திருத்திக் குடுத்துட்டு, இந்த இன்னொன்னையும் அடிச்சுருங்க" என்றார். பாராட்டவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப் போனது.

சாயங்காலம் டீச்சரிடம் நடந்ததைச் சொன்னேன். "உங்களுக்கு வெளிச்சம் வேணாம் சார், அவுகளுக்கு வேணும்ல. படிச்சுப் படிச்சுச் சொன்னேன்" என்று திட்டிவிட்டு அடுத்த பாடத்தை ஆரம்பித்துவிட்டார்.

இப்போது வேலை வருகிறது. டீ குறைந்துவிட்டது. அலுவலகத்தில் போய் உட்கார்ந்ததும் வெளிச்சத்தை முழுதாகக் கூட்டி வைக்கிறேன். நான் உயிரோடு வேலை செய்கிறேன் என்று நம்ப மற்றவர்களுக்கு அந்த விளக்கு தேவைப்படுகிறது என்று நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. வீட்டில் மட்டும் பழையபடி அணைத்துத்தான் வைக்கிறேன். இருட்டில் தட்டிக்கொண்டே, அறை வாசலில் காலடிச் சத்தம் நிற்கும்போது கையை நிறுத்தி, "என்ன அடிக்கிறீக?" என்று அவள் கேட்பதற்காகக் காத்திருக்கிறேன். பல நாள் கேட்கிறாள், சில நாள் சும்மா போய்விடுகிறாள், அந்தச் சில நாளில் நானே கூப்பிட்டுச் சொல்லவேண்டும் என்பதைத்தான் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.