சிஸ்டம்காரர் எடுத்த இரண்டாவது வரி

மாதத்தில் ஒரு நாளாவது, காலையில் கம்பெனிக்குப் போய் கம்ப்யூட்டரை ஆன் செய்தால் உள்ளே ஃபேன் சுற்றும், பச்சை விளக்கு எரியும், திரையில் மட்டும் ஒன்றும் வராது. அடியோடு வராமல் இருந்தால்கூடப் பரவாயில்லை. மூலையில் ஒரு சின்னக் கோடு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பது மாதிரி மின்னிக்கொண்டிருக்கும். கப்பலூர் தொழிற்பேட்டையில் ரப்பர் வளையங்கள் செய்யும் சின்னக் கம்பெனி எங்களுடையது. வாடிக்கையாளர் அனுப்பும் வரைபடத்தைத் திரையில் திறந்து, வளையத்தின் அளவைச் சரிபார்த்து நான் கையெழுத்துப் போட்டால்தான் சரக்கு வண்டியேறும். திரை கறுத்துவிட்டால் வாசலில் வண்டிக்காரர் ஹாரன் அடிப்பார், முதலாளி கண்ணாடிக் கதவு வழியாக என்னைப் பார்ப்பார். உடனே சிஸ்டம்காரருக்குப் போன் போகும்.

சிஸ்டம்காரர் முப்பத்தைந்து வயது ஆள். பேட்டையில் ஏழெட்டுக் கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுப்பதுதான் அவர் பிழைப்பு. எங்கள் பழைய பெட்டிகளைத் தூக்கிப் போடாமல், விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஏற்றி ஓட வைத்தவரும் அவர்தான். வந்ததும் ஒரு விசையைத் தட்டுவார், கறுப்புத் திரையில் நாலைந்து வரிகள் வரும். அதில் இரண்டாவது வரியை எடுப்பார். படம் வந்துவிடும். எண்ணி இரண்டு நிமிஷம். பிறகு எதையோ அழித்துவிட்டு, டீகூடக் குடிக்காமல் போய்விடுவார்.

அந்த இரண்டு நிமிஷம்தான் எனக்கு இடித்தது. நான் பிறவியிலேயே சந்தேகப் பேர்வழி. கோயில் வாசலில் செருப்பைக்கூட இடதை ஒரு பக்கம், வலதை ஒரு பக்கம் விடுகிறவள். இவ்வளவு சுலபமாகச் சரியாகிற கோளாறு எப்படி மாதம் தவறாமல் வருகிறது? போதாததற்கு, என் மேஜை முன்னாலேயே நின்றுகொண்டு போனில் சௌராஷ்டிர பாஷையில் பேசுவார். எனக்கு அதில் ஒரு சொல் புரியாது. நடுநடுவே 'கார்டு', 'டிரைவர்' என்று மட்டும் காதில் விழும். புதுப் பெட்டி விற்கிற எவனோடோ பேசி, எங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார் என்றே முடிவு கட்டினேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தானே.

முதல் தடவை வந்தபோதே இன்னொன்றும் சொல்லியிருந்தார். "யக்கா, அப்டேட் பண்ணவான்னு கேட்டு ஒரு கட்டம் வரும். வந்தா மூடிருங்க. அமுக்கிராதீங்க. உள்ள படம் காட்டுற கார்டு பழசு, அதுக்குப் புதுசு ஒத்துக்காது." அவர் சொன்ன காரணம் என் காதில் ஏறவில்லை. போனிலிருந்து பேங்க் வரை எல்லாரும் அப்டேட் பண்ணு, அப்டேட் பண்ணு என்று கத்துகிறார்கள், இவர் மட்டும் வேண்டாம் என்றால் எதையோ மறைக்கிறார் என்றுதானே அர்த்தம்? அந்தக் கட்டம் வரும்போதெல்லாம் சாயங்காலம் கிளம்புமுன் சத்தமில்லாமல் என் பாஸ்வேர்டைப் போட்டு அமுக்கிவிடுவேன். அவர் சதியை முறியடித்த திருப்தியோடு அவனியாபுரத்துக்கு ஷேர் ஆட்டோ ஏறுவேன். மறுநாள் காலையில் திரை கறுத்திருக்கும். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. நான் விழித்துக்கொண்டது தெரிந்து அவர் தன் வேலையை முடுக்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

முதலாளியிடம் போய், "பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுறாரு சார்" என்று சொன்னேன். சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும், கப்பலூரில் ஒரு கம்பெனியில் கெட்ட பேர் வாங்கினால் அது டீக்கடையிலேயே மற்ற கம்பெனிகளுக்கும் போய்விடும். தெரிந்துதான் சொன்னேன். முதலாளி அவரைக் கூப்பிட்டு விசாரித்தபோது நானும் அறையில் இருந்தேன். அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். "பழைய கார்டு சார், இப்படித்தான் மக்கர் பண்ணும்" என்றார், அவ்வளவுதான். அது திருட்டு முழி என்று அன்றைக்கு நினைத்தேன். மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அடுத்த மாதமும் கட்டம் வந்தது, அமுக்கினேன், திரை கறுத்தது. புதிதாக வந்த ஆள் முக்கால் நாள் போராடிப் படத்தை வரவழைத்தார். பிறகு ஏதோ ஒரு பட்டியலைத் திறந்து என்னிடம் காட்டினார். எந்தெந்த நாளில், எத்தனை மணிக்கு, யார் அப்டேட் கொடுத்தது என்று வரிசையாக இருந்தது. எல்லா வரியிலும் என் பேர். "இந்த கார்டை ஓட்டுற டிரைவர் புரோகிராம் எழுதுறதையே எப்பவோ நிறுத்திட்டாங்க மேடம். நீங்க ஒவ்வொரு தடவ அமுக்குறப்பவும் புது கெர்னல், அதான் சிஸ்டத்தோட அடிப்பாகம், ஏறுது, அதுல படம் வராது. லிஸ்ட்ல ரெண்டாவதா இருக்குற பழசை எடுத்தா வந்துரும்" என்றார். சட்டென்று கண்ணாடிக் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். நல்லவேளை, அறையில் வேறு யாரும் இல்லை.

விசாரித்ததில், சிஸ்டம்காரர் நாகமலை புதுக்கோட்டையில் சின்னதாக ஒரு கடை போட்டிருப்பது தெரிந்தது. போனேன். "வாங்கக்கா" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"தம்பி, அத அமுக்குனது நான்தான்."

"தெரியும்க்கா. ரெண்டாவது தடவ வந்தப்பவே பாத்துட்டேன்."

"அப்ப ஏன் சார்கிட்டச் சொல்லல?"

"நாலு பேரு முன்னாடி உங்க பேரச் சொல்ல வாய் வரல. அந்தக் கட்டம் வராமப் பூட்டியும் வச்சிருக்கலாம். பூட்டுனா உங்கள நம்பலைன்னு ஆயிரும்லன்னு விட்டுட்டேன்." கொஞ்ச நேரம் ஒரு ஸ்குரூவைத் தேடினார். "கப்பலூர்ப் பக்கம் இப்ப ஒரு கம்பெனியும் கூப்பிடுறதில்லக்கா. எல்லாம் போச்சு."

உள் மேஜையில் ஒரு பெண் கழற்றிய கார்டு ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். "என் வீட்டுக்காரி. டிரைவர் சமாச்சாரம் எனக்கு அம்புட்டா வராது. போன்ல இவகிட்டத்தான் கேட்டுக்குவேன்" என்றார். அந்தப் பெண் கடைசிவரை என் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் முன்னாலேயே சிஸ்டம்காரருக்குப் போன் போட்டார். எடுத்தது மனைவி. "அவர் அந்தப் பக்கம் வரமாட்டாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அது ஆகி வருஷம் ஒன்று ஆகப் போகிறது. இப்போது தராசு முள் ஒட்டிக்கொண்டாலும், பிரிண்டர் தாளை மென்றாலும், முதலாளி முதலில் திரும்புவது என் மேஜைப் பக்கம்தான். ஒன்றும் கேட்க மாட்டார். நானாகவே எழுந்து, "நான் எதையும் தொடல சார்" என்கிறேன். "சரிம்மா" என்கிறார். போகிறபோது இன்னொரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்.